பேர் அழியாமல் காப்போம்

(தோட்ட மகளிர் கூட்டமொன்றில் நிகழ்த்தப்பட்ட உரை)



உங்கள் அம்மாயியின் பெயர் உங்களுக்குத் தெரியும். அவருடைய தாயின் பெயர் தெரியுமா? அவர் எந்த மலையில் கொழுந்தெடுத்தார், எத்தனை பிள்ளை பெற்றார் என்று தெரியுமா? நம்மில் பல பேருக்குத் தெரியாது. இப்படிப் பேர் தொலைந்த இன்னொரு கூட்டத்துப் பெண்கள் தங்கள் சரித்திரத்தை எப்படித் தேடிச் சேர்த்தார்கள் என்பதைத்தான் இன்று சொல்லப்போகிறேன்.

ஆபிரிக்காவிலிருந்து பிடித்துக் கொண்டுபோய் அமெரிக்காவில் அடிமைகளாக விற்கப்பட்டவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். நம்ம முன்னோர் சம்பளத்துக்கென்று வந்தவர்கள். அவர்களோ மாடு கன்று போல விலைக்கு விற்கப்பட்டவர்கள். இரண்டும் ஒன்றென்று நான் சொல்லவில்லை. ஆனால் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். 1850லும் 1860லும் அமெரிக்க அரசாங்கம் குடிசன மதிப்பீடு எடுத்தபோது, அடிமைகளுக்குத் தனிப் பட்டியல் போட்டது. அதில் எசமானின் பெயர் இருக்கும். அதன்கீழே, பெண், வயது இத்தனை, நிறம் இன்னது என்று இருக்கும். அந்தப் பெண்ணின் பெயர் பெரும்பாலும் இருக்காது. நம்ம பாட்டிமாருக்குச் செக்ரோலிலாவது ஒரு பேர் விழுந்தது. இவர்களுக்கு அதுகூட இல்லை.

அடிமைமுறை 1865ல் ஒழிந்தது. பத்து வருஷம் கழித்து, 1875ல், தென் கரோலைனா மாநிலத்தில் மேரி மக்லியோட் என்ற பெண் பிறந்தார். அடிமைகளாக இருந்த தாய் தகப்பனுக்குப் பதினேழு பிள்ளைகளில் பதினைந்தாவது பிள்ளை. சின்ன வயதிலேயே பஞ்சு எடுக்க வயலுக்குப் போனவர். ஒருநாள் வெள்ளைக்காரர் வீட்டில் ஒரு புத்தகத்தைக் கையில் எடுத்தாராம். "உனக்குத்தான் வாசிக்கத் தெரியாதே, கீழே வை" என்று அந்த வீட்டுச் சிறுமி சொல்லிவிட்டாளாம். எப்படியும் படிப்பேன் என்று அன்றைக்குத் தீர்மானித்ததாக அவரே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார்.

படித்தார். மேரி மக்லியோட் பெத்தூன் என்ற பெயரில் ஆசிரியையும் ஆனார். 1904ல் புளோரிடாவில், கையில் ஒன்றரை டொலருடன், ஐந்து சிறுமிகளை வைத்துப் பள்ளிக்கூடம் தொடங்கினார். மேசைக்குப் பழைய பலகைப் பெட்டி. மைக்குக் காட்டுப் பழச் சாறு. வற்றாளைக் கிழங்கில் பலகாரம் செய்து விற்றுக் காசு சேர்த்தார். அந்தப் பள்ளிக்கூடம் இன்றைக்கு ஒரு பல்கலைக்கழகம்.

1935ல் அவர் கறுப்பினப் பெண்களின் சங்கங்களை எல்லாம் சேர்த்து ஒரு தேசியப் பேரவை அமைத்தார. வேலை, வாக்குரிமை, கல்வி என்று எத்தனையோ போராட்டம். அவ்வளவு வேலைக்கு நடுவிலும், பெண்களின் கடிதம், கூட்டக் குறிப்பு, புகைப்படம் எல்லாவற்றையும் சேர்த்துவைக்க வேண்டும் என்று பேரவை ஒரு குழுவும் போட்டது. வயிற்றுப்பாட்டுக்கே கஷ்டம், இந்தப் பழைய காகிதம் எதற்கு என்று அவர்கள் ஒதுக்கிவிடவில்லை. அதுவும் உரிமைப் போராட்டத்தில் ஒரு பங்குதான் என்று எடுத்துக்கொண்டார்கள்.

அதே காலத்தில் வொஷிங்டன் நகரில், ஹவார்ட் பல்கலைக்கழகத்தில், டொரதி போர்ட்டர் என்ற கறுப்பினப் பெண் நூலகராக இருந்தார். அப்போது பல நூலகங்களில் கறுப்பினத்தவர் பற்றிய புத்தகங்களுக்கு இரண்டே எண்தான். 325 என்றால் குடியேற்றம், 326 என்றால் அடிமைமுறை. கறுப்பர் ஒருவர் கவிதை எழுதினாலும், அது கவிதைத் தட்டுக்குப் போகாது; இந்த இரண்டில் ஒன்றுக்குத்தான் போகும். டொரதி அந்த முறையை ஏற்கவில்லை. கவிதையைக் கவிதையோடும், சரித்திரத்தைச் சரித்திரத்தோடும் வைத்தார். 1930 முதல் 1973 வரை, 43 வருஷம், அந்த ஒரே இடத்தில் இருந்து சேகரித்தார். ஆபிரிக்க மக்களின் சரித்திரம் படிக்க வருகிறவர்கள் இன்றும் அங்கே போகிறார்கள்.

பெத்தூன் அம்மையார் 1955ல் காலமானார். அவருடைய பேரவை இயங்கிய வொஷிங்டன் வீடு, 1979ல் கறுப்பினப் பெண்களின் வரலாற்றுக்கென்றே நூதனசாலையாகவும் ஆவணக் காப்பகமாகவும் திறக்கப்பட்டது. 2022ல் அமெரிக்கப் பாராளுமன்றக் கட்டடத்தில் புளோரிடா மாநிலத்தின் சார்பில் அவருக்குச் சலவைக்கல் சிலை வைத்தார்கள். முன்பு அந்த மாநிலத்தின் சார்பில் அங்கே நின்றது யாருடைய சிலை தெரியுமா? அடிமைமுறையைக் காக்கச் சண்டை பிடித்த பக்கத்துத் தளபதி ஒருவருடையது. அதை எடுத்துவிட்டுத்தான், பஞ்சு வயலில் வேலை செய்த பெண்ணின் சிலையை வைத்தார்கள்.

தூரதேசத்துக் கதை மட்டும் என்று நினைக்காதீர்கள். போர்த்துக்கேயர் காலத்திலும் பின்பு ஆங்கிலேயர் காலத்திலும் இலங்கைக்கும் ஆபிரிக்கர்களைக் கொண்டுவந்தார்கள். அவர்களின் சந்ததியார் புத்தளம் பக்கத்தில் இருக்கிறார்கள். மாஞ்சா என்ற அவர்களுடைய பாட்டும் ஆட்டமும் பேர்போனது. பெண்கள்தான் அதில் முன்னுக்கு நின்று பாடுவார்கள். போர்த்துக்கேயம் கலந்த மொழிப் பாட்டு அது. பாட்டுப் பரம்பரையாக வந்துவிட்டது. ஆனால் பல வரிகளின் அர்த்தம் பாடுகிறவர்களுக்கே இப்போது தெரியாது. அந்த மொழி பேசிய கிழவிகள் இருந்த காலத்தில், பக்கத்தில் உட்கார்ந்து எழுதிவைக்க ஆளில்லாமல் போனது.

நமக்கும் இந்த நஷ்டம் தெரியும். 1948ல் நம்ம குடியுரிமை போனது. 1949ஆம் ஆண்டுச் சட்டப்படி விண்ணப்பம் போடுகிறவர்கள், இத்தனை வருஷம் இங்கேதான் இருந்தோம் என்று காட்ட வேண்டியிருந்தது. எத்தனையோ பேருடைய விண்ணப்பம் தள்ளுபடியானது. மிச்சமிருந்தவர்களுக்குக் குடியுரிமை கொடுக்கும் சட்டம் 2003ல்தான் வந்தது. ஒரு துண்டுக் காகிதத்தின் பெறுமதி நம்ம ஆட்களுக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்குத் தெரியும்?

ஆகவே நான் கேட்பது பெரிய காரியமில்லை. வீட்டுக்கு ஒரு கொப்பி வாங்குங்கள். லயத்தில் வயதான அம்மா இருந்தால், ஞாயிற்றுக்கிழமை ஒரு மணித்தியாலம் பிள்ளைகளைப் பக்கத்தில் உட்காரவைத்து எழுதச் சொல்லுங்கள். பேர், பிறந்த தோட்டம், வேலைக்குப் பேர் பதிந்த வயது, பெற்ற பிள்ளைகள், தவறின பிள்ளைகள், அவருக்குத் தெரிந்த தாலாட்டு, ஒப்பாரி எல்லாம் எழுதட்டும். பழைய பிறப்புப் பத்திரம், சம்பளத் துண்டு, படம் இருந்தால் கரையான் பிடிக்காத டின் பெட்டியில் போட்டு, மழை ஒழுகாத இடத்தில் வையுங்கள். படத்தின் பின்னால் பென்சிலால் மெதுவாகப் பேர் எழுதுங்கள். இன்றைக்கு இது யார் என்று உங்களுக்குத் தெரியும்; பேரப்பிள்ளைக்குத் தெரியாது.

எழுதத் தெரியாதே என்று எந்தத் தாயும் வெட்கப்பட வேண்டாம். நீங்கள் சொல்லுங்கள், பிள்ளைகள் எழுதட்டும். அவர்களைப் பள்ளிக்கூடம் அனுப்பியது நீங்கள்தானே.