நடந்துகொண்டே பதில் சொல்லுங்கள்

(நமது குடியிருப்போர் நலச் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில், பி பிளாக்கில் வசிக்கும் பிசியோதெரபிஸ்ட் உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம். அன்று வர முடியாதவர்களுக்காக இங்கே தருகிறோம்.)

செயலாளர் சார் எனக்கு இருபது நிமிஷம் கொடுத்திருக்கிறார். டிபன் ஆறுவதற்குள் முடித்துவிடுகிறேன்.

நான் டாக்டர் இல்லை, பிசியோதெரபிஸ்ட். அதனால் கூட்டம் முடிந்ததும் மருந்துச் சீட்டை எடுத்துக்கொண்டு என்னிடம் வராதீர்கள். கை, கால், நடை இவைதான் என் தொழில். இன்றைக்கு மூளையைப் பற்றிப் பேச வந்ததற்குக் காரணம் என் அம்மா. உங்களில் பலருக்கு அவளைத் தெரியும். போன வருஷம் கையில் மாவுக்கட்டோடு லிஃப்டில் பார்த்திருப்பீர்கள்.

ஸ்ரீவைகுண்டத்தில் கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில் இருந்த பழைய வீட்டை விட்டு இங்கே குடிவந்தபோது அம்மாவுக்கு எழுபத்தோரு வயது. மூன்றாம் மாடி, லிஃப்ட் இருக்கிறது, வாசலில் ஸ்டிக்கர் கோலம் ஒட்டியிருக்கிறது. குனியவே வேண்டாம், முழங்காலுக்கு நல்லது என்று நான்தான் சொன்னேன். பதிலுக்கு, தினமும் கார் பார்க்கிங்கைச் சுற்றி அரை மணி நேரம் நடக்க வைத்தேன். அம்மாவும் ஒரு நாள் தவறாமல் நடந்தாள். எனக்கும் பெருமைதான்.

ஒரு சாயங்காலம் கூடவே நடந்துகொண்டிருந்தேன். "ஏம்மா, நாளைக்கு என்ன குழம்பு?" என்று கேட்டேன். அம்மா நின்றுவிட்டாள். யோசித்தாள். "புளிக்குழம்பு" என்றாள். பிறகுதான் நடந்தாள். மறுபடி ஏதோ கேட்டேன், மறுபடியும் நின்றாள். வேறு யாராக இருந்தாலும் என் மனசில் அந்த நிமிஷமே மணி அடித்திருக்கும். அம்மாவாக இருந்ததால் அடிக்கவில்லை. இரண்டு மாதம் கழித்து, பார்க்கிங் சரிவில் நடக்கும்போது வாட்ச்மேன் அண்ணன் ஏதோ கேட்டிருக்கிறார். பதில் சொல்லத் திரும்பியவள் கால் தடுமாறி விழுந்தாள். மணிக்கட்டு எலும்பு முறிந்தது.

ஏன் மணி அடித்திருக்க வேண்டும் என்கிறேன்? 1997-இல் ஸ்வீடனில் முதியோர் இல்லவாசிகள் 58 பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. மிக எளிமையான ஆய்வு. கூடவே நடந்துபோய்ப் பேச்சுக் கொடுப்பார்கள். பேசுவதற்காக நடையை நிறுத்துகிறவர்கள் யார் என்று குறித்துக்கொள்வார்கள், அவ்வளவுதான். 12 பேர் நின்றார்கள். அந்த 12 பேரில் 10 பேர் அடுத்த ஆறு மாதத்துக்குள் விழுந்தார்கள். மெஷின் இல்லை, ஸ்கேன் இல்லை, ஒரு பேச்சு போதும்! இதை நான் என்னிடம் வருகிறவர்களுக்குச் செய்து பார்ப்பது வழக்கம். வீட்டில் செய்து பார்க்கவில்லை.

நடப்பது கால் செய்யும் வேலை என்று நினைக்கிறோம். சின்ன வயதில் அது ஏறக்குறைய தானாகவே நடக்கும். வயது ஏற ஏற, ஒவ்வோர் அடிக்கும் மூளை கொஞ்சம் கவனம் செலவழிக்க வேண்டியிருக்கிறது. அந்த நேரத்தில் இன்னொரு வேலையும் வந்தால் கையிருப்பு போதவில்லை. ஒன்று பேச்சு நிற்கும், இல்லையென்றால் நடை நிற்கும். இரண்டும் நிற்காவிட்டால் ஆள் விழுவார்.

ஏ பிளாக் சார் ஒருவர் போன கூட்டத்தில் கேட்டார்: "காலையில் சுடோகு போடுகிறேன், மாலையில் வாக்கிங் போகிறேன். போதாதா?" நல்ல கேள்வி. இரண்டும் நல்லதுதான் சார், விட்டுவிடாதீர்கள். நடையினால் மூளைக்கு என்ன லாபம் என்பதற்கு 2011-இல் அமெரிக்காவில் வந்த ஓர் ஆய்வைச் சொல்கிறேன். 120 முதியவர்கள். பாதிப் பேர் ஒரு வருஷம், வாரம் மூன்று நாள், 40 நிமிஷம் வரை வேகமாக நடந்தார்கள். மீதிப் பேர் உடம்பை நீட்டி மடக்கும் பயிற்சி மட்டும் செய்தார்கள். நினைவுக்கு முக்கியமான ஹிப்போகேம்பஸ் என்ற பகுதி நடந்தவர்களுக்குச் சுமார் 2 சதவீதம் வளர்ந்திருந்தது. மற்றவர்களுக்குச் சுருங்கியிருந்தது. ஹிப்போகேம்பஸ் என்றால் கடல்குதிரை. நம் மன்னார் வளைகுடாவில் இருக்கிறதே, அதேதான். அந்த வடிவத்தில் இருப்பதால் அந்தப் பெயர்.

சரி, நடையையும் யோசனையையும் சேர்த்தால் என்ன? எலிகளை வைத்துச் செய்த ஆய்வுகளில் தெரிந்தது இது. ஓடவிட்ட எலிகளின் மூளையில் அந்தக் கடல்குதிரைப் பகுதியில் புதிய செல்கள் அதிகம் உண்டாகின. புதுப்புது சாமான்கள் நிறைந்த கூண்டில் விட்ட எலிகளில், உண்டான செல்கள் அதிகம் பிழைத்தன. முதலில் ஓடவிட்டு, பிறகு அந்தக் கூண்டில் விட்டபோது பலன் இன்னும் கூடியது. நம் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். நாற்று நட்டால் மட்டும் போதுமா, வாய்க்காலில் தண்ணீர் வர வேண்டாமா? எலியில் கண்டது அப்படியே மனிதனுக்கும் பொருந்திவிடாது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

மனிதர்களைப் பற்றியும் ஓர் ஆய்வு உண்டு. நியூயார்க்கில் 75 வயது தாண்டிய 469 பேரைப் பல வருஷம் கவனித்து 2003-இல் வெளியிட்டார்கள். நடை, நீச்சல், சைக்கிள் என்று உடம்பால் செய்கிற பொழுதுபோக்குகளில், மறதி நோய் குறைவாக வருவதோடு தொடர்பு காட்டியது ஒன்றே ஒன்றுதான்: நடனம். நல்ல மூளை உள்ளவர்கள்தான் ஆடுகிறார்களோ என்று நீங்கள் கேட்கலாம், நியாயம்தான். ஆனாலும் நடனத்தில் என்ன இருக்கிறது பாருங்கள். பாட்டைக் கேட்க வேண்டும், அடுத்த அடி நினைவில் இருக்க வேண்டும், எதிரே இருப்பவர் காலை மிதிக்கக் கூடாது. நம் கோலாட்டமும் கும்மியும் இதேதான். ஜப்பானில் ஒரு முதியோர் நல மருத்துவ மையம் இதற்கென்றே ஒரு பயிற்சியை உருவாக்கி 'காக்னிசைஸ்' என்று பெயர் வைத்திருக்கிறது. காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டே எண்ண வேண்டும், மூன்றின் மடங்கு வரும்போது எண்ணைச் சொல்லாமல் கை தட்ட வேண்டும். வீட்டுக்குப் போய்ச் செய்து பாருங்கள். முப்பதுக்குள் இரண்டு தப்பு வரும், சிரிப்பும் வரும்.

இதைப் படித்தபோதுதான் எனக்கு உறைத்தது. அம்மாவிடமிருந்து நான் எதைப் பிடுங்கினேன் என்று!

பழைய வீட்டில் விடியற்காலையில் வாளியைத் தூக்கி வந்து சாணம் தெளிப்பாள். குனிந்து பெருக்குவாள். 15 புள்ளி, ஊடுபுள்ளி, 8 வரை. எண்ணிக்கொண்டே பின்னால் நகர வேண்டும். சிக்குக் கோலம் என்றால் ஒரே கம்பி எல்லாப் புள்ளியையும் சுற்றிக்கொண்டு ஆரம்பித்த இடத்துக்கே வர வேண்டும், ஓரிடத்தில் திருப்பம் தப்பினால் கோலமே போச்சு. விரலிடுக்கில் மாவு ஒரே சீராக விழ வேண்டும். இதற்கு நடுவில் பால்காரருக்குப் பதில், எதிர்வீட்டு மதினியோடு பேச்சு. 1974-இல் சென்னை கிறிஸ்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் ஆகியோர் கோலத்தைக் கணினி இலக்கணமாக ஆராய்ந்து கட்டுரை எழுதினார்கள். கணினி அறிஞர்கள் மண்டையை உடைத்துக்கொள்கிற சங்கதியை அம்மா பல் தேய்ப்பதற்கு முன்னால் முடித்திருக்கிறாள். அதை எடுத்துவிட்டு ஒரு ஸ்டிக்கரும் கார் பார்க்கிங்கும் கொடுத்தேன்.

கோலம் போட்டால் மறதி நோய் வராது என்று நான் சொல்லவில்லை. சர்க்கரை, ரத்த அழுத்தம், காது கேட்காமை, தனிமை என்று அதற்குப் பல வாசல்கள். காது மெஷினை டிராயரில் பூட்டி வைத்திருப்பவர்கள் இன்றைக்கே எடுத்து மாட்டிக்கொள்ளுங்கள்.

கட்டுப் பிரித்து, கை பழகிய பிறகு அம்மாவுக்கு மறுபடி ஆரம்பித்தோம். முதல் வாரம் ஐந்து புள்ளி ஐந்து வரிசை. அதிலேயே வழி தவறினாள், அழுதாள். நானும் அழுதேன். ஒரு மாதம் ஆயிற்று, ஏழு புள்ளிக்குப் போக. இப்போது பதினொன்று போடுகிறாள். நடக்கும்போது குழம்பைப் பற்றிக் கேட்டால் நடை மெதுவாகிறது, ஆனால் நிற்பதில்லை. அந்தப் பழைய பதினைந்து புள்ளி இன்னும் வரவில்லை.

கோலம் பொம்பளை வேலை என்று சிரிக்கிற சார்களுக்கு வேறு வழி வைத்திருக்கிறேன். திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூர் வரை ரயில் நிற்கும் ஊர்களை, நடந்துகொண்டே வரிசையாகச் சொல்லுங்கள். பாளையங்கோட்டை, செய்துங்கநல்லூர், நம்ம ஸ்ரீவைகுண்டம், ஆழ்வார்திருநகரி, நாசரேத் என்று போகும். பிறகு திருச்செந்தூரிலிருந்து திரும்பி வாருங்கள். அதுவும் மனப்பாடம் ஆகிவிட்டால் நூறிலிருந்து மூன்று மூன்றாகக் குறையுங்கள். சுலபமாக வந்தால் பலன் குறைவு, கஷ்டமாக்குங்கள். நடை நின்றால் கஷ்டம் அதிகம், குறையுங்கள்.

செய்யக் கூடாததும் உண்டு. படிக்கட்டில் வேண்டாம், பார்க்கிங் சரிவில் வேண்டவே வேண்டாம். தலைசுற்றல் உள்ளவர்களும் சமீபத்தில் விழுந்தவர்களும் முதலில் டாக்டரைப் பார்த்துவிட்டு, கூட ஓர் ஆளோடு, சுவர் ஓரமாகச் செய்யுங்கள். போன் பேசிக்கொண்டே நடப்பதும் இதுதானே என்று கேட்காதீர்கள். அதில் கவனம் முழுக்கப் போனில் இருக்கிறது, வண்டி வருவது தெரியாது. குத்தவைக்க முடியாதவர்கள் மேஜையில் சிலேட்டை வைத்துப் புள்ளி வையுங்கள், வரிசைக்கு ஒரு முறை நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருங்கள். என் கணக்கில் அதுவும் கோலம்தான்.

சங்கத்திடம் ஒரே ஒரு கோரிக்கை. இரண்டு பிளாக்குக்கும் நடுவில் சிமெண்டுத் தரை சும்மா கிடக்கிறது. சனிக்கிழமை காலை ஆறு முதல் ஏழு வரை அங்கே பைக் நிறுத்தாமல் இருந்தால் போதும். கோலமாவு நான் கொண்டுவருகிறேன். அம்மாவும் வருவாள். பதினைந்து புள்ளிக் கோலம் தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் தயவுசெய்து வாருங்கள், அவளுக்கு நடுவில் எட்டாவது வரிசையில்தான் குழம்புகிறது.