ஆசிரியர் செய்த பிழை
(ஆலயக் கல்வி உதவிநிதி வழங்கும் விழாவில் ஆற்றிய உரை)



முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக அறிவியல் பாடம் நடத்தியவன் நான். என் வகுப்பில் முதலாவதாக வந்த மாணவன் ஒருவன், "சார், அறிவியல் தொழில்நுட்பக் கொள்கை படிக்க ஆசை" என்றான். "அது எந்த வேலைக்கு ஆகும்? பேசாமல் பொறியியல் படி" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அந்தத் துறை எத்தகையது என்று விசாரிக்கக்கூட இல்லை.

புதிய விதையை உருவாக்குவது விஞ்ஞானியின் வேலை. அதை நாட்டில் அனுமதிக்கலாமா, ஆய்வுக்கு யார் பணம் தருவது, அதன் பலன் ஏழை விவசாயிக்கும் கிட்டுமா என்று ஆராய்ந்து வழிகாட்டுவது இத்துறையின் வேலை.

கலெஸ்டஸ் ஜூமா என்பவர் 1953இல் கென்யாவில் பிறந்தவர். என்னைப் போலவே பள்ளி ஆசிரியராகத் தொடங்கியவர். பின்னர் நாளிதழொன்றில் அறிவியல், சுற்றுச்சூழல் செய்தியாளரானார். இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் இத்துறையில் முனைவர் பட்டம் பெற்றார். பெற்ற அறிவைத் தாயகத்திற்கே கொண்டு சென்று, 1988இல் நைரோபியில் ஆப்பிரிக்கத் தொழில்நுட்ப ஆய்வு மையத்தை நிறுவினார். 1995 முதல் 1998 வரை ஐ.நா. உயிரியற் பன்மய ஒப்பந்தத்தின் நிர்வாகச் செயலாளராக இருந்தார். பிறகு ஹார்வர்டில் பேராசிரியரானார். 2017இல் காலமானார்.

புதுமைகளை மக்கள் ஏன் எதிர்க்கிறார்கள் என்பது பற்றி 2016இல் ஒரு நூல் வெளியிட்டார். காப்பி, டிராக்டர், குளிர்பதனம் ஆகிய எல்லாமே ஒரு காலத்தில் எதிர்ப்பைச் சந்தித்தவைதாம். எதிர்ப்பவர்களை அறிவிலிகள் என்று அவர் ஒதுக்கவில்லை. பலன் சிலருக்கும் ஆபத்து பலருக்கும் போய்ச் சேருமோ என்ற அச்சமே எதிர்ப்புக்குப் பெரிய காரணம் என்றார்.

அதைப் படித்தபோது என் மாணவன் நினைவுக்கு வந்தான். அவன் பிழைப்பு என்னாகுமோ என்ற அச்சத்தில் அன்று தடுத்தவன் நான். இன்று அவன் பொறியாளராக நன்றாகத்தான் இருக்கிறான். ஆனாலும் சந்திக்கும்போது அந்தப் பேச்சை நாங்கள் இருவரும் எடுப்பதில்லை.

பெற்றோர்களே, பிள்ளை கேள்விப்படாத ஒரு படிப்பின் பெயரைச் சொன்னால் உடனே மறுக்காதீர்கள். என்ன படிப்பு, யார் படித்தார்கள், எங்கே பணிபுரிகிறார்கள் என்று உடன் அமர்ந்து விசாரியுங்கள். மாணவர்களே, பெற்றோரின் அச்சத்தைக் குறையாக எண்ணாதீர்கள். விவரம் சொல்லித் தெளிவுபடுத்துங்கள்.