மொட்டை மாடியில் ஒரு போன்

ஒரகடத்துல நைட் ஷிஃப்ட் முடிஞ்சு கம்பெனி பஸ் வந்து நிக்குது. இறங்குற பையன்களைப் பாருங்க. இருபது, இருபத்திரண்டு வயசு. சொந்த ஊர் எங்கேயோ. இங்கே ஒரே ரூம்ல ஆறு பேர். தூக்கம் வராம இருக்க உதட்டுக்குள்ள ஹான்ஸ் புகையிலை. தூக்கம் வர்றதுக்கு ஒரு குவார்ட்டர். சிலருக்குப் போதைப் பழக்கம் இப்படித்தாங்க ஆரம்பிக்குது.

இதிலிருந்து மீள வழி இருக்கு. சென்னையில சாந்தி ரங்கநாதன்னு ஒரு அம்மா. கணவரைக் குடிக்குப் பறிகொடுத்தவங்க. 1980-ல அவர் பேர்லயே டி.டி.ரங்கநாதன் அறக்கட்டளையைத் தொடங்கினாங்க. இந்திரா நகர் டிடிகே மருத்துவமனை அதுதான். 1992-ல அந்த அம்மாவுக்குப் பத்மஸ்ரீயும் வந்துச்சு.

அங்கே மருந்து உடம்பைத் தேத்திடும். அப்புறம்? ஆலோசகர் தனியா உட்கார்ந்து பேசுவார். அட்வைஸ் இல்லை, கேள்விதான். "சம்பளம் போட்ட அன்னிக்கு யார் கூப்பிடுவாங்க? லீவு நாள்ல எங்கே போவே?" பத்துப் பேர் நடுவுல வராத பதில், கதவைச் சாத்தினா வரும். வீட்டாரையும் கூப்பிட்டுப் பேசுவாங்க. பாதி விஷயம் அங்கேதானே இருக்கு!

அவ்வளவு தூரம் போக முடியலையா? 14446. போதை மீட்புக்கான தேசிய உதவி எண், கட்டணம் கிடையாது. ஆறு பேர் இருக்கிற ரூம்ல எப்படிப் பேசறதுங்கிறீங்களா? மொட்டை மாடி இருக்குல்ல!