எந்தச் செடிக்கு எவ்வளவு பெரிய தொட்டி?

மாடித் தோட்டம் பத்திப் பேசினதுக்கு அப்புறம் உங்ககிட்ட இருந்து அதிகமா வந்த கேள்வி, "எந்த சைஸ் பை வாங்கணும்?" உரம், வேப்பெண்ணெய் பத்திதான் கேப்பீங்கன்னு நினைச்சேன். ஆனா இது சரியான கேள்வி. நான் முதல் ரெண்டு வருஷம் தோத்தது இதுலதான்.

முதல் வருஷம், வீட்டுக்கு வெள்ளை அடிச்சு மிச்சமான 5 லிட்டர் பெயிண்ட் டப்பா நாலு கிடந்துச்சு. அடியில ஓட்டை போட்டு தக்காளி நாற்று நட்டேன். பூத்துச்சு, காய்ச்சுது. ஏப்ரல் வந்ததும் ஒவ்வொரு காயோட அடிப்பக்கமும் கறுத்து, தோல் மாதிரி ஆயிடுச்சு. பூச்சின்னு நினைச்சு மருந்து அடிச்சேன். பூச்சியே இல்ல. காய்க்குக் கால்சியம் தண்ணியோடதான் போய்ச் சேரும். 5 லிட்டர் மண் சென்னை வெயில்ல மத்தியானத்துக்குள்ள காஞ்சிடும். நான் ஆபீஸ் முடிஞ்சு ராத்திரி வந்து ஊத்துவேன். தினம் ஒரு வறட்சி, தினம் ஒரு வெள்ளம். மண்ணுல சத்து இருந்தும் காய்க்குப் போகல. அதனால வேலைக்குப் போறவங்க தொட்டி வாங்குறப்போ, செடியோட உயரத்தைப் பாக்குறதுக்கு முன்னாடி, நீங்க எத்தனை மணி நேரம் வீட்டுல இருக்க மாட்டீங்கன்னு பாருங்க.

பெரிய தொட்டியில செடி பெருசா வளரும்ங்கிறது வெறும் நம்பிக்கை இல்ல. 2012-ல ஒரு ஆய்வுக் குழு 65 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து, தொட்டியோட கொள்ளளவை ரெண்டு மடங்காக்கினா செடியோட மொத்த எடை சராசரியா 43 சதவீதம் கூடுதுன்னு சொன்னாங்க. இதைப் படிச்சதுதான் எனக்கு வினையா போச்சு.

ரெண்டாவது வருஷம் எல்லாமே 24 இன்ச் பை வாங்கினேன். இங்க ஒரு சின்னக் கணக்கு. 12 இன்ச் அகலம், 12 இன்ச் உயரம் இருக்கிற பையில சுமார் 22 லிட்டர் பிடிக்கும். 24க்கு 24 பையில? 44 இல்ல மக்களே, கிட்டத்தட்ட 178 லிட்டர். இன்ச் ரெண்டு மடங்கானா கொள்ளளவு எட்டு மடங்கு. செம்மண்ணும் மண்புழு உரமும் கலந்து, தண்ணியும் ஊத்தினா ஒரு பை 200 கிலோவைத் தொடும். நான் ஆறு பையை மாடிக்கு நடுவுல, அழகா வட்டமா வெச்சேன்.

அக்டோபர் மழை ஆரம்பிச்சு மூணாவது வாரம் ஹவுஸ் ஓனர் அங்கிள் மேல வந்தார். கீழ அவர் பெட்ரூம் சீலிங்ல ஈரம் பூத்து நிக்குது. "தம்பி, இதை இறக்கு, இல்லேன்னா வீட்டைப் பாத்துக்கோ"ன்னார். கோபமாத்தான் இருந்துச்சு. ஆனா அவர் சொன்னதுதான் நியாயம். ஆள் நடமாடுற மொட்டை மாடிக்கு இந்தியத் தரக் குறியீடு ஐ.எஸ். 875 வெச்சிருக்கிற கணக்கு சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோதான். நான் இருக்கிறது பழைய வீடு வேற. ராத்திரியோட ராத்திரியா மண்ணை அள்ளி அள்ளி இறக்கினேன். மூணு நாள் முதுகு வலி.

அந்தப் பைகள்ல ஒண்ணுல சாண் உயரக் கறிவேப்பிலைக் கன்னு இருந்துச்சு. அதுவும் செத்துப் போயிருந்தது. வேரைப் பாத்தா பழுப்பா, கொழகொழன்னு. சின்ன வேரால அவ்வளவு மண்ணோட ஈரத்தைக் குடிக்க முடியாது. மழை வேற. மண் நாள் கணக்கா ஈரமாவே கிடந்து வேர் மூச்சு முட்டி அழுகிடுச்சு. கறிவேப்பிலை, எலுமிச்சை மாதிரி வருஷக்கணக்குல இருக்கிற செடிகளைச் சின்னத் தொட்டியில ஆரம்பிச்சு, வேர் ஓரத்தைத் தொட்டதும் ஒரு படி பெரிய தொட்டிக்கு மாத்தணும்.

இப்ப என் மாடியில இருக்கிறதைச் சொல்றேன். கீரைக்கு 6 இன்ச் ஆழ ட்ரே போதும், அகலம்தான் முக்கியம். மிளகாய்க்கு 12 இன்ச். தக்காளி, கத்தரிக்கு 15. வெண்டைக்கு ஆணிவேர், பிடுங்கி நட்டா முகம் சுளிக்கும். அதனால 12 இன்ச் பையிலேயே நேரா விதை போட்டுடுவேன். பாகல், புடலைக்கு 18, அதுவும் பந்தல் போட இடம் இருந்தா மட்டும். 24 இன்ச் ஒண்ணே ஒண்ணுதான், இப்ப வளர்ந்துட்ட புதுக் கறிவேப்பிலைக்கு. அது சுவர் ஓரமா, கீழ பீம் போற இடத்துல நிக்குது. எல்லாப் பைக்கும் அடியில செங்கல் உண்டு, தண்ணி ஓடி தளம் காயணும்ல. செம்மண்ணைக் குறைச்சு தென்னை நார்க் கழிவு கூட்டினதுல எடையும் நல்லா இறங்கிடுச்சு. கறுப்புப் பை மட்டும் வேண்டாம், கத்திரி வெயில்ல உள்ள வேர் வெந்துடும்.

ஒண்ணு விட்டுட்டேன். அடியில ஜல்லி போட்டா தண்ணி நல்லா வடியும்னு எல்லாரும் சொல்வாங்க, எங்க அம்மா உட்பட. வடியாது. மெல்லிசு மண்ணுல இருந்து தண்ணி ஜல்லிக்குச் சுலபமா இறங்காம, அதுக்கு மேலேயே தேங்கி நிக்கும். நீங்க காசு குடுத்து வாங்கின ஆழத்துல மூணு இன்ச் போச்சு, அவ்வளவுதான். அம்மா இன்னும் ஒத்துக்கல. அவங்க துளசித் தொட்டியில ஜல்லி இருக்கு, துளசியும் செழிப்பா இருக்கு. அதுக்கு என்கிட்ட பதில் இல்ல.

அங்கிள் போன மாசம் வெண்டைக்காய் கேட்டு வாங்கிட்டுப் போனார். அடுத்த வாரம் பாப்போம்.