இரண்டரை நாழிகை முன்னறிவு



நம் நாட்டில் பெய்யும் மழையை இரு வகையாகப் பிரித்துப் பார்க்கலாம். ஒன்று, பல மாவட்டங்களுக்கும் பொதுவாக வரும் மழை. வாடைக் காற்றோடு வரும் மார்கழி மழை அத்தகையது. 1978ஆம் ஆண்டு நவம்பரில் மட்டக்களப்பைத் தாக்கியது போன்ற சூறாவளிகள் கொணரும் மழையும் அத்தகையதே. மற்றொன்று, ஊருக்கு ஊர் வேறுபடும் மழை. பங்குனி, சித்திரை மாதங்களிலும் பின்னர் ஐப்பசியிலும் பிற்பகல் வேளையில் இடி முழக்கத்தோடு வருவது இதுவே. ஓர் ஊரின் ஒழுங்கைகளில் வெள்ளம் ஓடும்போது, இரண்டு கட்டைக்கு அப்பாலுள்ள அயலூரில் புழுதி பறக்கும்.

முதல் வகை மழையை வளிமண்டலவியல் திணைக்களத்தார் சில நாட்களுக்கு முன்னரே அறிவித்து விடுகின்றனர். இரண்டாவது வகையைப் பற்றி, "சில இடங்களில் பிற்பகலில் இடியுடன் கூடிய மழை பெய்யலாம்" என்ற அளவிலேயே அறிவிக்க முடிகின்றது. இது அறிவிப்பவரின் குறையன்று, அம்மழையின் இயல்பு. காலை வெயிலால் நிலம் சூடேறுகின்றது. இரு கரைகளிலிருந்தும் கடற்காற்று உள்நாட்டை நோக்கி வருகின்றது. இரண்டும் சந்திக்குமிடத்தில் ஈரக் காற்று மேலெழுந்து முகிலாகின்றது. எந்த வயலின் மேல் அது எழும் என்பதைக் காலையில் எவராலும் கூற இயலாது. அன்றியும், தனியொரு இடிமுகில் தோன்றிப் பெய்து ஓய்வதற்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரையே ஆகும்.

அப்படியாயின், "அந்தச் சில இடங்களுள் எங்கள் ஊரும் ஒன்றா?" என்ற கேள்விக்கு விடை எங்கே? அந்த விடையைத் தருவதற்கு வாய்த்துள்ள கருவி றேடார்.

றேடாரின் வரலாற்றில் சுவையான செய்தியொன்று உண்டு. அதனை உருவாக்கியோருள் முதன்மையானவராகக் கருதப்படும் வாட்சன் வாட் என்பவர், 1915இல் பிரித்தானிய வானிலைத் துறையில் பணியாற்றத் தொடங்கியவர். மின்னலிலிருந்து எழும் வானொலி அலைகளைக் கொண்டு இடிமுகில் இருக்குமிடத்தை அறிந்து, விமானிகளை எச்சரிக்க வேண்டும் என்பதே அவர் மேற்கொண்ட ஆராய்ச்சி. 1935இல் அவர் வானொலி அலைகளால் விமானத்தைக் கண்டறியலாம் எனச் செய்து காட்டினார். இரண்டாம் உலகப் போரில் எதிரி விமானத்தைத் தேடிய திரைகளிலே மழையும் குறுக்கிட்டது. போர்க்காலத்தில் தொல்லையாக இருந்த அதுவே, போர் முடிந்ததும் வானிலை அறிஞருக்குப் பெரும் பயனாயிற்று.

கருவி இயங்கும் முறை எளிதானது. அது அலைத் துடிப்பொன்றை அனுப்புகின்றது. மழைத்துளிகளிற் பட்ட அலையின் ஒரு சிறு பங்கு எதிரொலி போலத் திரும்பி வருகின்றது. அந்த அலை ஒரு செக்கனில் மூன்று இலட்சம் கிலோமீற்றர் செல்வதால், செக்கனில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரத்தில் திரும்பினால் மழை 150 கிலோமீற்றருக்கு அப்பால் உள்ளது என்று அறியலாம். துளியின் விட்டம் இரு மடங்கானால் எதிரொலி 64 மடங்காகின்றது. ஆகவேதான் பெருந்துளி பொழியும் இடிமழை படத்தில் மஞ்சளாகவும் சிவப்பாகவும் தோன்ற, தூறல் நீலமாகவோ பச்சையாகவோ மங்கித் தெரிகின்றது.

இந்திய வானிலைத் துறையினர் காரைக்காலில் நிறுவியுள்ள றேடாரிலிருந்து யாழ்ப்பாணம் ஏறத்தாழ 140 கிலோமீற்றர் தொலைவிலேயே உள்ளது. எனவே நம் வட பகுதியின் வானமும் அதன் பார்வைக்குள் அடங்குகின்றது. அதன் படங்களைக் கைத்தொலைபேசியிற் காணலாம். ஆயின் ஓர் எச்சரிக்கை. கைத்தொலைபேசியில் வண்ணம் தீட்டி வரும் மழைப் படங்கள் யாவும் றேடார்ப் படங்கள் அல்ல. சில, செய்மதி மேலிருந்து கண்ட முகிலின் தோற்றம்; சில, கணினி முன்கூட்டிக் கணித்த ஊகம். காண்பது எது என அறிந்து கொள்வதே முதற் கடமை. படத்திற் குறித்துள்ள நேரத்தையும் நோக்குதல் வேண்டும். அது கிறீனிச் நேரமாயின், ஐந்தரை மணி நேரம் கூட்டினால் நம் நேரம் கிடைக்கும்.

இனி, படத்தைப் பார்க்கும் முறை. ஒரு படம் மட்டும் போதாது. அடுத்தடுத்து வந்த மூன்று படங்களேனும் வேண்டும். நண்பகல் 12.30 மணிக்கு 40 கிலோமீற்றர் தொலைவிலிருந்த சிவப்புத் திட்டு, 12.50 மணிக்கு 30 கிலோமீற்றர் தொலைவுக்கு வந்துவிட்டது எனக் கொள்வோம். 20 நிமிடத்தில் 10 கிலோமீற்றர். மணிக்கு 30 கிலோமீற்றர். அதே வேகத்தில் வருமாயின் 1.50 மணியளவில் நம்மை எட்டும். பாடசாலை விடுவதோ 1.30 மணிக்கு. பத்து நிமிடத்தில் வீடு சேரும் பிள்ளையை அனுப்பலாம். வெளியான வயல்வெளியூடாக முக்கால் மணி நேரம் சைக்கிளிற் செல்லும் பிள்ளையை நிறுத்தி வைத்தல் வேண்டும்.

இக்கணக்கு ஒரு மணி நேரத்துக்கே, அதாவது நம் முன்னோர் கணக்கில் இரண்டரை நாழிகைக்கே, ஓரளவு செல்லும். அதற்கு மேல் பழைய முகில் கரைந்துவிடும். புதியது நம் தலைக்கு மேலேயே பிறந்தும் விடும். இன்னுமொன்று: நிலவுருண்டை வளைந்திருப்பதால் றேடாரின் கதிர் தொலைவு செல்லச் செல்ல நிலத்தை விட்டு உயர்கின்றது. யாழ்ப்பாணத்துக்கு மேலே அது ஏறத்தாழ இரண்டு கிலோமீற்றர் உயரத்தில் இருக்கும். அதற்குக் கீழே பெய்யும் தூறல் படத்தில் வராது போகலாம். மலைநாட்டிலோ மலைகளே கதிரை மறித்துவிடும்.

யாவற்றிலும் முக்கியமானது, றேடார் காண்பது மழையை, மின்னலை அன்று. மழை விழும் இடத்திலிருந்து பத்துக் கிலோமீற்றருக்கு அப்பாலும் மின்னல் தாக்குதல் உண்டு. ஆதலால் படம் வெறுமையாக இருந்தபோதிலும், இடி காதில் விழுந்தால் வயலையும் விளையாட்டுத் திடலையும் கடற்கரையையும் விட்டுக் கட்டடத்துள் சென்றுவிட வேண்டும். மரத்தடி புகலிடமாகாது. கடைசி இடி முழக்கம் கேட்டு 30 நிமிடம் கழியும்வரை வெளியே வருதல் ஆகாது.

முடிவு செய்வது கருவியன்று; நாமே. முடிவு செய்யும்போது இரு வகை நட்டத்தையும் எடை போடுதல் வேண்டும். முற்றத்திற் காயும் புழுங்கல் நெல்லை வீணே அள்ளிவிட்டால் அரை மணி நேர உழைப்பே நட்டம். அள்ளாது விட்டு மழை வந்தால் நெல் நட்டம். மெய்வல்லுநர் போட்டியை ஒரு மணி நேரம் பிற்போட்டால் சிலரது முணுமுணுப்பே நட்டம். பிற்போடாது விட்டு மின்னல் வந்தால் நேரும் இழப்புக்கு ஈடேயில்லை. "இருமுறை ஏமாந்தோம், இம்முறை பார்த்துக் கொள்ளலாம்" என்ற எண்ணம் இவ்விடத்தில் மிகவும் ஆபத்தானது.

இப்பழக்கத்தைப் பாடசாலைகளிலே எளிதில் தொடங்கலாம். இடிமழைக் காலத்தில், ஆசிரியர் ஒருவரின் துணையோடு மேல்வகுப்பு மாணவர் இருவர் நாள்தோறும் நண்பகலிலிருந்து படத்தைப் பார்த்து, மழை எப்போது வரும் எனத் தாம் கணித்ததையும், மெய்யாக வந்த நேரத்தையும் ஒரு கொப்பியிற் குறித்து வரட்டும். ஒரு பருவம் முடிவதற்குள் தம் ஊருக்கு எத்திசை முகில் வந்து சேருகின்றது, எத்திசை முகில் இடையிலே கலைந்துவிடுகின்றது என்பதை அவர்களே கண்டறிவர். அக்கொப்பி பாடசாலைக்கு மட்டுமன்றி, அயலிலுள்ள கமக்காரருக்கும் கடற்றொழிலாளருக்கும் பயன்படும்.