சைக்கிளை விட்டு இறங்கமாட்டோம்



பந்திங் பக்கத்துத் தோட்டக் குடும்பங்களாகிய நமக்குக் கிள்ளான் தூரத்து ஊரல்ல. சாமான் வாங்கவும் மருந்துக்கும் நாம் போய்வரும் ஊர்தான். அந்தக் கிள்ளான் வட்டாரத்தில் 1941-ஆம் ஆண்டு நம்மவர்கள் நடத்திய வேலை நிறுத்தத்தைப் பற்றி இன்று பேசுவோம்.

அக்காலத்தில் ரப்பர் தோட்டத்தில் தமிழ்த் தொழிலாளியின் நாட்கூலி ஏறத்தாழ 50 காசு. அதே பால்மரத்தைச் சீவும் சீனருக்கு அதைவிடக் கூடுதல். வேலை ஒன்று, கூலி இரண்டு! கிள்ளான் வட்டார இந்தியர் சங்கத்தைச் சேர்ந்த ஆர். எச். நாதன் முதலியோர் தொழிலாளர்களைத் திரட்டினார்கள். சீனருக்குச் சமமான கூலி, பிள்ளைகளுக்குப் படிப்பு, நல்ல வைத்தியம், கள்ளுக்கடைகளை மூடுதல், உறவினர் தோட்டத்துக்குள் வந்துபோக உரிமை என்று கோரிக்கைகள் எழுந்தன. வெள்ளைத் துரைகளும் அவர்களைப் போலவே நடந்துகொண்ட 'கறுப்புத் துரை'களும் நம் பெண்களிடம் முறைகேடாக நடப்பதை நிறுத்தவேண்டும் என்றும் கேட்டார்கள்.

இவற்றோடு இன்னொன்றும் இருந்தது. துரை எதிரே வந்தால் தொழிலாளி சைக்கிளை விட்டு இறங்கி நிற்கவேண்டும். அந்த வழக்கம் ஒழியவேண்டும் என்பதே அது. சைக்கிள் அவன் வயிற்றைக் கட்டி வாங்கியது. சாலை மட்டுந்தானே துரையுடையது! தகப்பன் இறங்கி நிற்பதைப் பின்னால் உட்கார்ந்திருக்கும் பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கும் அல்லவா? கூலிக்குறைவைவிட அது ஆழமாகச் சுட்டது என்றே நாம் கருதுகிறோம்.

"இதற்கெல்லாமா வேலையை நிறுத்துவது?" என்பாரும் உண்டு. அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில் 1968-இல் குப்பை அள்ளும் கறுப்பினத் தொழிலாளர் சுமார் 1,300 பேர் வேலையை நிறுத்தினார்கள். வளர்ந்த ஆண்களை 'பையா' என்று அழைத்துவந்த ஊர் அது. "நான் ஒரு மனிதன்" என்று எழுதிய அட்டைகளை ஏந்தி அவர்கள் தெருவில் நடந்தார்கள். கூலியும் கேட்டார்கள், மரியாதையும் கேட்டார்கள்.

கிள்ளானில் 1941 மே மாதத் தொடக்கத்தில் நாதன் கைது செய்யப்பட்டார். அவரை விடுதலை செய்யக் கோரி வேலை நிறுத்தம் சிலாங்கூர்த் தோட்டங்களில் பரவியது, ஆயிரக்கணக்கானோர் கலந்துகொண்டார்கள். அரசாங்கம் மாநிலத்தில் அவசரநிலை அறிவித்துப் பட்டாளத்தை அழைத்தது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் சிலர் மாண்டனர். பலர் சிறைப்பட்டனர். நாதன் இந்தியாவுக்கு நாடுகடத்தப்பட்டார். அவ்வாண்டு டிசம்பரில் ஜப்பானியர் மலாயாவில் இறங்கினர். துரைமாரில் பலர் தோட்டங்களை விட்டு ஓடினார்கள்.