பழைய காரின் அலுமினியப் பட்டைகள்: தேய்க்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நம் பேஸ்மென்ட்டில் உறை போர்த்திய பழைய வண்டிகள் மூன்று நிற்கின்றன. இரண்டு பிரீமியர் பத்மினி, ஒரு அம்பாசிடர். பத்மினிகளில் ஒன்று என்னுடையது. போன மாதம் பாலிஷ் போடுபவர் ஒருவர் வந்து, “பட்டை, கிரில், பம்பர் எல்லாவற்றையும் ஒரே நாளில் கண்ணாடி மாதிரி ஆக்கித் தருகிறேன்” என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். கொடுக்கலாமா என்று மற்ற இரண்டு வண்டிக்காரர்களும் என்னிடம் கேட்டார்கள். என் பதில் இதுதான்: எது எந்த உலோகம் என்று பார்க்காமல் எதையும் தேய்க்கக் கொடுக்காதீர்கள்.

ஏன் இவ்வளவு கறாராகச் சொல்கிறேன் என்றால், அம்பாசிடர் உற்பத்தி 2014இல் உத்தர்பாராவில் நின்றுபோனது. பத்மினி அதற்கும் முன்பே நின்றுவிட்டது. மும்பையில் ஓடிய பத்மினி டாக்சிகளும் 2023 அக்டோபரோடு ஓய்வு பெற்றுவிட்டன. இனி தொழிற்சாலையிலிருந்து புதுப் பட்டை வரப்போவதில்லை. வங்கியில் முப்பது வருடம் வேலை பார்த்தவன் பாஷையில் சொன்னால், வண்டியில் இருக்கும் ஒவ்வொரு பட்டையும் அசல் பத்திரம்.

என் மைத்துனருடைய வண்டியில் நடந்ததைச் சொல்கிறேன். ஒரு பட்டறைக்காரர் எல்லாப் பட்டைகளையும் கழற்றி ஒரே சக்கரத்தில் கொடுத்தார். கதவுப் பட்டை ஒன்றைச் சக்கரம் பிடித்து இழுத்து, வெண்டைக்காய் மாதிரி முறுக்கிவிட்டது. மற்றவற்றில் பாதி இடம் பளபள, பாதி இடம் மேகமூட்டம். மாற்றுப் பட்டைக்காகப் புதுப்பேட்டையில் பல மாதம் அலைந்தார். கிடைத்தது அரை அங்குலம் குட்டை. இன்றைக்கும் அந்தக் கதவைப் பார்த்தால் அவர் முகம் வாடிவிடும். அது அவருடைய அப்பா வாங்கிய வண்டி.

முதல் வேலை, அடையாளம் காண்பது. பழைய காரில் பளபளப்பதெல்லாம் ஒரே உலோகம் இல்லை. இரும்பின் மேல் குரோமியம் முலாம் பூசியது இருக்கும், எவர்சில்வர் இருக்கும், அலுமினியம் இருக்கும், துத்தநாக வார்ப்பின் மேல் முலாம் பூசியதும் இருக்கும். இத்தனை வருடத்தில் எந்தப் பட்டையை யார் மாற்றினார்களோ தெரியாது. ஆகவே மாடலை வைத்து முடிவு செய்யாமல், துண்டு துண்டாகச் சோதித்துப் பாருங்கள்.

ஒரு சின்னக் காந்தம் போதும். நன்றாக ஒட்டினால் பெரும்பாலும் உள்ளே இரும்பு, மேலே முலாம். அதில் உப்புத்தாள் படவே கூடாது. ஒட்டவில்லை என்றால் கையில் எடுத்து எடை பாருங்கள். அலுமினியம் இரும்பின் எடையில் மூன்றில் ஒரு பங்குதான். பின்பக்கம், வெளியே தெரியாத இடத்தில் ஊசியால் கீறிப் பாருங்கள். சுலபமாகக் கீறல் விழுந்து உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் பெரும்பாலும் அலுமினியம்தான். எவர்சில்வர் அவ்வளவு சுலபத்தில் கீறாது. காந்தம் ஒட்டாமல் கனமாகவும் இருந்து, மேலே பொரிப்பொரியாகக் கொப்பளித்திருந்தால் அது துத்தநாக வார்ப்பு. அதை முலாம் பூசுபவரிடம்தான் காட்ட வேண்டும்.

அலுமினியம் என்று தெரிந்த பிறகும் ஒரு கேள்வி இருக்கிறது. அது வெறும் அலுமினியமா, அனோடைஸ் செய்ததா? அலுமினியத்தை அமிலத் தொட்டியில் வைத்து மின்சாரம் பாய்ச்சினால், அதன் மேற்பரப்பே கெட்டியான ஆக்சைடு தோலாக மாறும். இது பெயின்ட் மாதிரி மேலே பூசுவது இல்லை, உலோகத்திலிருந்தே வளர்வது. கனம் சில மைக்ரான்களிலிருந்து இருபத்தைந்து மைக்ரான் வரை இருக்கும். தலைமுடியைவிட மெல்லியது, ஆனால் மகா கெட்டி. உப்புத்தாள்கள் பலவற்றில் ஒட்டியிருக்கும் துகளும் இதே அலுமினியம் ஆக்சைடுதான்! 1923இல் பிரிட்டனில் கடல் விமானங்களின் பாகங்களை உப்புக்காற்று அரிக்காமல் இருக்க இந்த முறையைத் தொழில்முறையில் பயன்படுத்தினார்கள். பிறகு கார்களுக்கும் வந்தது. அமெரிக்காவின் 1957 செவ்ரோலெட் பெல் ஏர் காரின் பின்பக்க வாட்டில், கோடு கோடாக வெள்ளி நிறத்தில் ஒரு தகடு மின்னுமே, அது அனோடைஸ் செய்த அலுமினியம்தான்.

இதைக் கண்டுபிடிக்க எலக்ட்ரீஷியன் வைத்திருக்கும் மல்டிமீட்டர் போதும். பீப் சத்தம் வரும் நிலையில் வைத்து, இரண்டு முனைகளையும் பட்டையின் மேல் மெதுவாக வையுங்கள், அழுத்த வேண்டாம். பீப் வந்தால் வெறும் அலுமினியம். வராவிட்டால் மேலே தோல் இருக்கிறது, அது மின்சாரத்தைக் கடத்தாது.

தோல் இருக்கும் பட்டை மங்கியிருந்தால், மங்கியது அந்தத் தோல்தான். எத்தனை டப்பா பாலிஷ் போட்டாலும் கண்ணாடி ஆகாது. அரைகுறையாகத் தேய்த்தால் தோல் திட்டுத் திட்டாகப் போய், மைத்துனர் வண்டி மாதிரி ஆகும். முழுவதும் எடுக்க வேண்டுமென்றால் காஸ்டிக் சோடாக் கரைசலில் போட வேண்டும். அது கொதித்துப் பொங்கும், தீப்பற்றக்கூடிய ஹைட்ரஜன் வாயு வரும், ஒரு சொட்டுத் தெறித்தாலும் கண் போய்விடும். தயவுசெய்து இந்த வேலையை நம் வளாகத்தில் யாரும் செய்ய வேண்டாம், அனோடைசிங் பட்டறைக்காரரே செய்து தரட்டும்.

ஆனால் தோலை எடுப்பது எஃப்.டி.யை உடைப்பது மாதிரி. கையில் ரொக்கம் வரும், அன்றோடு வட்டி நின்றுவிடும். வெறும் அலுமினியம் முதல் நாள் பிரமாதமாக மின்னும், அதுவும் நம் கடற்கரைக் காற்றில் சில மாதத்தில் மங்கத் தொடங்கும். திரும்ப அனோடைஸ் செய்யலாம், அல்லது ஆயுள் முழுக்க மெழுகு பூசிக்கொண்டே இருக்கலாம். இரண்டில் எது என்று முடிவு செய்த பிறகே தோலில் கை வையுங்கள். மங்கல் கொஞ்சம்தான் என்றால், மிதமான சோப்புத் தண்ணீரில் கழுவி மெழுகு பூசி அப்படியே விட்டுவிடுங்கள் என்பதே என் சிபாரிசு. வண்டிக்கு வயதானது தெரிந்தால் ஒன்றும் குற்றமில்லை.

தோல் இல்லாத பட்டையை வீட்டிலேயே செய்யலாம். கழற்றும்போது ஸ்க்ரூ டிரைவரால் நெம்பாமல் மரத் துண்டால் மெதுவாக நெம்புங்கள். ஒவ்வொன்றிலும் எண் எழுதி டேப் ஒட்டுங்கள். நசுங்கல் இருந்தால் பின்பக்கத்திலிருந்து மரக்கட்டை வைத்துத் தட்டி எடுங்கள். பிறகு வாட்டர் பேப்பர், தண்ணீர் விட்டுக்கொண்டே 400, 600, 1000, 2000 என்று வரிசையாக. ஒவ்வொரு முறையும் முந்தைய கோட்டுக்குக் குறுக்கே தேய்த்து, பழைய கோடு முழுவதும் மறைந்த பிறகே அடுத்த தாளுக்குப் போக வேண்டும். பொறுமை இல்லாமல் ஒரு படியைத் தாண்டினால், அந்தக் கோடுகள் கடைசியில் வெயிலில் பல்லை இளிக்கும்.

கடைசியில் பஞ்சுத் துணிச் சக்கரம், பஃபிங் சோப்பு. நீளமான பட்டையைச் சக்கரத்திடம் கையில் பிடித்துக் காட்டவே கூடாது. பலகையில் பொருத்திக்கொண்டு, கையில் பிடிக்கும் மெஷினைப் பட்டையிடம் கொண்டு போங்கள். பட்டையின் ஓரத்தில் சக்கரம் வெளிநோக்கிச் சுழன்று போக வேண்டும். உள்நோக்கி வந்தால் ஓரத்தில் மாட்டி இழுத்துவிடும். கண்ணாடி, முகக்கவசம் கட்டாயம். வேட்டி, துண்டு, துப்பட்டாவோடு கிட்டே போகாதீர்கள். அலுமினியத் தூள் தீப்பிடிக்கக்கூடியது. இரும்பு சாணை பிடிக்கும் இடத்தில் இதைச் செய்ய வேண்டாம், தூளைச் சேரவும் விட வேண்டாம்.

திரும்ப அனோடைஸ் செய்வதாக இருந்தால் எல்லாப் பட்டைகளையும் ஒரே தடவையில் கொடுங்கள். தனித்தனியாகக் கொடுத்தால் நிறம் வேறுபடலாம். மாட்டும்போது துருப்பிடித்த பழைய இரும்பு கிளிப்புகள் வேண்டாம். இரும்பும் அலுமினியமும் தொட்டுக்கொண்டு நடுவில் ஈரமும் இருந்தால், அரிக்கப்படுவது அலுமினியம்தான். நடுவே நைலான் வாஷர் போடுங்கள்.

கார் இல்லாதவர்கள், “நமக்கு இதில் என்ன?” என்று நினைக்க வேண்டாம். நம் ஜன்னல் சட்டங்களில் பெயின்ட் அடிக்காமல் உலோக நிறத்தில் இருப்பவை பெரும்பாலும் இதே அனோடைஸ் செய்த அலுமினியம்தான். சோடா கலந்த பொடியும் கம்பி நாரும் போட்டுத் தேய்த்தால் அந்தத் தோல் போய்விடும். சுவர் பூச்சு வேலை நடக்கும்போது சிமென்ட் தெறித்தால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். சிமென்ட்டின் காரமும் இதை அரிக்கும். வீட்டு வேலைக்கு வரும் அம்மாவிடமும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்.

பாலிஷ்காரர் அடுத்த வாரம் மறுபடி வருகிறாராம். அவர் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, அவர் தொழில் அது. அவர் வருவதற்குள் மூன்று வண்டிகளையும் ஒருமுறை சோதித்துவிடுவோம். காந்தமும் மல்டிமீட்டரும் நான் கொண்டு வருகிறேன். சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு பேஸ்மென்ட்டில் சந்திப்போம்.